மாத்திரைக்குப் பின் ஒரு தேநீர்

நான் போடும் தேநீர் நன்றாக இருக்கும், டாக்டர். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, எதிர்வீட்டு அம்மா முதல் என் மைத்துனி வரை எல்லோரும் சொல்வதுதான். அத்தனை மாத்திரை விழுங்கியும் என் மனைவியின் ரத்தத்தில் இரும்பு ஏன் ஏறவில்லை என்று நீங்கள் கேட்டதால் இங்கிருந்து தொடங்குகிறேன். அவள் எடை பார்த்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடலாம்.

அவள் கார் ஓட்டக் கற்றுத்தருபவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் அக்காவே சொல்வாள். தெருவில் என்னோடு வந்தால் எப்போதும் நாலு அடி முன்னால்தான் போவாள். திரும்பிப் பார்க்காமலே, "ஓரமா வாங்க, பின்னாடி வண்டி வருது" என்பாள். வண்டி வரும். கல்யாணமான நாளிலிருந்து நான் அதிகம் பார்த்தது அவள் முதுகைத்தான்.

பிறகு இந்த ரத்தசோகை வந்தது. அதில் எனக்குப் பங்கில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் கடைத்தெருவில் மூச்சு வாங்க நின்றுவிட்டாள். "என்னங்க, கொஞ்சம் கையைக் குடுங்களேன்" என்றாள். வீடு வரை என் தோளில் சாய்ந்தபடியே வந்தாள். மறைப்பானேன், கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நீங்கள் இரும்பு மாத்திரை எழுதித் தந்தீர்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே ஒரு தாள், அதைக் கடைசி வரி வரை படிக்கிற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், சம்பளமே அதற்குத்தான். தேநீரோடு சேர்ந்தால் மாத்திரையின் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்று அதில் போட்டிருந்தது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

மறுநாளிலிருந்து காலைத் தேநீர் என் பொறுப்பானது. மாத்திரையைத் தண்ணீரில்தான் விழுங்குவாள். அது தொண்டையைத் தாண்டியதும் நான் கோப்பையை நீட்டுவேன். நன்றாகக் கொதிக்கவிட்ட கடுந்தேநீர். "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று எதிர்வீட்டு அம்மா தன் கணவர் காதில் விழும்படி சொல்வார். அந்த மனிதர் இப்போதும் என்னோடு பேசுவதில்லை. "மாத்திரையை டீயோட போடறீங்களா?" என்று நீங்களும் ஒரு தடவை கேட்டீர்கள். "இல்லையே, தண்ணியிலதான்" என்றாள் அவள். நானும் தலையாட்டினேன். உண்மைதானே.

எங்காவது ரத்தம் கசிகிறதோ என்று மேலிருந்து ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய் விட்டுப் பார்த்தீர்கள். ஒன்றும் அகப்படவில்லை. அவள் வெளியே வந்து, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க தனியா என்னங்க பண்ணுவீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தேயிலை சேர்த்துப் போட்டேன்.

அப்புறம் அந்தச் சுவர் விஷயம். பாடம் நடத்தும்போது பக்கத்து இருக்கையிலேயே கண் அசந்துவிட்டாள். அவள் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிக்க ஆளில்லை. கற்றுக்கொள்ள வந்த பெண் வண்டியைப் பூங்காச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தினாள். அடி பெரும்பாலும் சுவருக்குத்தான். "உடம்பு தேறினதும் வாங்கம்மா" என்று முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவள் நாளெல்லாம் சாவி மாட்டும் ஆணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாலையில் தெருமுனை வரை நடப்போம், அருகருகே. குடும்பம் என்றால் இதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் நீங்கள், "வாய் வழியா சரிப்படாது, நரம்பு வழியா ஏத்திடலாம்" என்றீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் நான் ஒரு பிளாஸ்க் வாங்கினேன்.

மருந்து ஏற்றிய அன்று அந்தப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே தொங்கிய பையில் இருந்த மருந்து, நம்புவீர்களா, நான் போடும் தேநீரின் அதே நிறம். "இது ஏறும்போது டீ குடுக்கலாமா?" என்று நர்ஸிடம் கேட்டேன். "தாராளமா குடுங்க சார். மருந்து நேரா ரத்தத்துக்குப் போகுது, டீ அதை ஒண்ணும் பண்ணாது" என்றார். நல்ல பெண்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

சில வாரங்களிலேயே அவள் முகம் தெளிந்தது. சாவி ஆணிக்குத் திரும்பியது. இன்று உங்களைப் பார்க்க வரும்போது நாலு அடி முன்னால் போனாள். "ஓரமா வாங்க" என்றாள். நான் ஓரமாக வந்தேன்.

அவள் தேறியதில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை, டாக்டர். இதையெல்லாம் நீங்கள் அவளிடம் சொல்வதானால் சொல்லுங்கள். கார்ச் சாவி அவள் கையில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னால் நல்லது.

இன்னொரு பை ஏற்ற வேண்டும் என்றீர்களே, அதைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம். அந்த மருந்தின் தாளையும் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தேன். தேநீர் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. காபி இல்லை, பால்கூட இல்லை. அச்சில் ஏதாவது வரி விட்டுப்போயிருக்குமோ? தொழில் புத்தி, அதனால்தான் கேட்கிறேன்.