ஒரே ஆய்வு, இரண்டு பங்காளிகள்

மனைவி: ஐயோ... தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல இருக்குங்க. கையத் தூக்கவே முடியல.

கணவன்: அத்தனை சிமெண்டுக் கட்டியையும் நீயே தூக்குனா? ஒரு ஆள் வச்சுக்கன்னா கேக்குறியா...

மனைவி: நம்ம ஆராய்ச்சிக்கூடத்துல ஆளு எங்க இருக்கு? நாமதான் விஞ்ஞானி, நாமதான் கூலி.

கணவன்: சரி, உக்காரு. சாயங்காலத்தோட கெடு முடியுது. இந்தத் தடவை நிதி தர்றவங்க பட்டியல் கேக்கல. எத்தனை கட்டுரை போட்டேன்னு அடுக்காதே, அதுல நீ என்ன செஞ்சே, எப்படிச் செஞ்சேன்னு கதையா எழுதுங்கறாங்க.

மனைவி: எழுதலாம். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கதையா இருக்கே! ரெண்டு விண்ணப்பத்தையும் ஒரே குழுதான் படிக்கும். ரெண்டு பேரும் "நான்தான் செஞ்சேன்"னு எழுதினா...

கணவன்: ரெண்டையும் சேர்த்துக் குப்பையில போடுவாங்க. அதான், பாகம் பிரிச்சுக்குவோம்.

மனைவி: அண்ணன் தம்பி வரப்பு பிரிக்கிற மாதிரியா?

கணவன்: அதேதான். கட்டிய நசுக்கிப் பாக்குற மெஷினைச் சரிபண்ணது நான். அது எனக்கு.

மனைவி: வெடிப்புக் கணக்கு எனக்கு.

கணவன்: சிமெண்டுல சாம்பல் சேர்த்த கலவை?

மனைவி: அது... பாதிப் பாதி.

கணவன்: ம். அடுத்து, "இளையவர்களை எப்படி வளர்த்தீர்கள்?"னு ஒரு கேள்வி. நமக்குச் சொல்லிக்க ஒரு மாணவிதான், அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி. இப்ப எங்கயோ பாலம் கட்டுறா.

மனைவி: அவ எனக்கு வேணும்.

கணவன்: அதெப்படி? அவளுக்குக் கலவை போடக் கத்துக்கொடுத்தது நான்!

மனைவி: சிமெண்டுன்னு நினைச்சு சாம்பல் மூட்டையக் கொட்டிட்டாளேன்னு அவளை வாய்க்கு வந்தபடி திட்டுனதும் நீங்கதான்.

கணவன்: "இனிமே இந்தப் பக்கம் வராதே"ன்னு சொன்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?

மனைவி: அந்தச் சாம்பலாலதானே கட்டி வெடிக்காம நின்னுச்சு...

கணவன்: அது அப்புறந்தானே தெரிஞ்சுது.

மனைவி: தெரிஞ்சப்புறமாவது கூப்பிட்டோமா?

கணவன்: பழசக் கிளறாதே. பங்கைப் பேசு.

மனைவி: பங்குதானே? உங்களுக்கு நிரந்தர வேலை. எனக்கு அடுத்த மாசத்தோட சீட்டு கிழியுது. இந்த நிதி வரலேன்னா, நான் படிச்ச படிப்புக்கு வீட்டுல பாத்திரந்தான் கழுவணும். அவளை எனக்கு விட்டுக்கொடுங்க.

கணவன்: ...சரி. நீயே எடுத்துக்க.

மனைவி: என்ன, பட்டுன்னு சரிங்கறீங்க? ஒரு திருகாணிக்கே மல்லுக்கு நிக்கிற ஆளாச்சே!

கணவன்: பொண்டாட்டிதானே, போகட்டும்னு...

மனைவி: மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

கணவன்: காலையிலேயே அனுப்பிட்டேன்.

மனைவி: அடப்பாவி மனுஷா! அவளையும் எழுதியா?

கணவன்: "கையப் பிடிச்சு வளர்த்தேன்"னு எழுதிட்டேன். இனிமே திருத்த முடியாது. அதான் உன்னைக் கணக்கு, கலவைன்னு வேற பக்கம் தள்ளிவிடப் பாத்தேன்... ஏன் சிரிக்கிற? உன்னுது இன்னும் போகலல்ல? நீயாவது மாத்தி எழுது.

மனைவி: நேத்தே போயிடுச்சுங்க. நானும் அவளைத்தான் வளர்த்திருக்கேன். ரெண்டு விண்ணப்பத்துலயும் அவ இருக்கா, அந்தச் சாம்பலைப் பத்தி நாம போட்ட கட்டுரையில மட்டும் அவ பேரு இல்ல. அந்தப் பேரை நாம அவளுக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கு.