பச்சையாகப் படிந்த உப்பு

— இரு, இரு. அந்தக் கண்ணாடிக் குழாயைத் தொடாத அண்ணா. காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்.

— நான் எதைத் தொட்டேன் பாப்பா? நீ கூப்பிட்ட, வந்தேன். உன் சமையல்கட்டுல ஓரமா நிக்கிறேன்.

— நீ கொண்டாந்த இந்த பாட்டில்ல இருக்கற இரும்பு உப்பு, உன்னை கம்பெனியை விட்டு அனுப்பின அன்னைக்கு ஸ்டோர் டிரம்ல இருந்து நீ எடுத்து வச்சதுதானே?

— ம்.

— இப்ப தயோசயனேட் ரெண்டு சொட்டு விடறேன். காத்துப் பட்டுக் கெட்ட உப்புன்னா ரத்தச் சிவப்பாயிரும். அன்னைக்கு லேப்ல அப்படித்தான் ஆச்சு.

— இன்னைக்கு?

— சிவக்கவே இல்ல. இரு, இரு, இன்னொரு குழாயில காஸ்டிக் சோடாவும் விடறேன். பாரு, அழுக்குப் பச்சையா படியுது. கெட்டிருந்தா செங்கல் நிறத்துல படியும். இது நல்ல உப்புண்ணா.

— அப்போ அன்னைக்கு ஏன் சிவந்துச்சாம்?

— வடிச்ச தண்ணி தீந்துபோச்சுன்னு குழாய்த் தண்ணியில கரைச்சுத் தொலைச்சேன். அந்தத் தண்ணி வர்ற தொட்டி பூரா துரு. மூணு வாரமா இதே நெனப்பு, எனக்குச் சோறு இறங்கல. ஸ்டோர்ல நீ டிரம் மூடியைத் திறந்து போட்டுட்டேன்னு உன் வேலை போச்சு. அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவ நான். அண்ணி என் மூஞ்சியிலயே முழிக்கறதில்ல.

— அவ கெடக்கா, விடு. நீ உன் வேலையத்தானே பாத்த.

— தப்பாப் பாத்தேனே. தப்பு என்னோடதுன்னு மேனேஜருக்குக் கடுதாசி எழுதிட்டேன். நாளைக்குக் கொடுக்கப்போறேன்.

— கொடுத்தா, உன்னை நாலு வார்த்தை திட்டுவாங்க. அவ்வளவுதானே?

— திட்டோட விடுவாங்களா? வீட்டுக்கு அனுப்புவாங்க. அனுப்பட்டும். நீ திரும்ப வேலைக்குப் போவேல்ல, அது போதும்.

— அந்த டிரம்மை என்ன பண்ணுவாங்க பாப்பா?

— இப்ப ஓரமா ஒதுக்கி வச்சிருக்காங்க. கடுதாசி போனதும் மாத்திரைக்குக் கலக்க எடுத்துருவாங்க. மாசமா இருக்கறவங்களுக்குப் போற மாத்திரை, ஏற்கெனவே தாமதம்.

— ஒருவேளை உப்பு கெட்டிருந்தா?

— உடம்புல சரியா சேராது. ரத்தம் ஊறும்னு நம்பி முழுங்குவாங்க, ஊறாது. அதான் நல்ல உப்புன்னு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன? ஏண்ணா, ஏன் அழற?

— அந்தக் கடுதாசியக் கிழிச்சிரு.

— மாட்டேன். உனக்குப் பண்ணின பாவத்தை வேற எப்படித் தீக்கறது?

— நீ ஒரு பாவமும் பண்ணல. கிழிச்சுப் போடு பாப்பா. இந்த பாட்டில்ல இருக்கறது, நேத்து நான் கடையில வாங்கின புது இரும்பு உப்பு.