கறிவேப்பிலைக்கு ஓர் அறை

ஐப்பசிக் குளிர். சுவிஸின் ஆராவ் நகரப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். பூச்சாடி மண் பையை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்:

“மகளை மே மாசம் வரச் சொன்னனான்.”

“வேலை போயிட்டுதெண்டு அழுத பிள்ளையையோ, அக்கா?”

“அவவின்ர அறையில கறிவேப்பிலையெல்லோ நிக்குது. குளிர் முடியுமட்டும் பல்கனியில விடேலாது.”

“ஹோலில வையுங்கோவன்.”

“ஹோலில ஹீட்டர் சூடு. இலை முழுக்கக் கொட்டுண்டிடும்.”

“அப்ப பிள்ளை?”

“சொல்லக் கேக்காமல் நேற்றே சூட்கேசோட வந்திட்டா. மரத்தை எங்கட அறைக்கு மாத்திப்போட்டன்.”

“அங்க இடமிருக்கோ?”

“ஒரு கட்டிலைக் கழட்டினனான்.”

“ஐயோ, அத்தான் எங்க படுக்கிறார்?”

மண் பையோடு அக்கா எழுந்து நிறுத்தப் பொத்தானை அழுத்தினார்.

“ஹோலில. அவருக்கு அந்தச் சூடு ஒண்டும் செய்யாது.”