குளவி பூசிய வெள்ளையைக் காத்த ஈவ்லின் ஞானமணி அம்மையாருக்கு

சித்தூர்ச் சீமையில் பிறந்து, சிறு பூச்சியின் சீவனையும் சிந்தையில் சுமந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் பூச்சி ஆய்வு நிலையத்தில் ஆய்வக உதவியாளராய் உழைத்து, இன்று மாலையோடு மேசைச் சாவியை ஒப்படைக்கும் மாண்புமிகு ஈவ்லின் ஞானமணி அம்மையாரே! இந்தப் பண்ணையின் கூலித் தொழிலாளர்கள் பதினோரு பேர், பணிவோடும் பொறுக்க மாட்டாமலும், உங்கள் முன் நின்று படிக்கும் மடல் இது.

பாராட்டு மடலில் கோபம் எதற்கு என்று மேடையில் இருப்பவர்கள் கேட்கலாம். சால்வை வந்துவிட்டது, சந்தனம் வந்துவிட்டது, பழத்தட்டும் வந்துவிட்டது. ஆனால் உங்கள் பணிப்பதிவேட்டில் எட்டு ஆண்டுகளாய் ஒட்டிக்கொண்டிருக்கும் மெமோ மட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை. நாளைக் காலை அந்தப் பதிவேடு திருப்பதி அலுவலகத்துக்குப் போகிறது. போனால் போனதுதான். "அலட்சியத்தால் ஆய்வுப் பூச்சிகளைச் சாகவிட்டவர்" என்ற வரியோடுதான் உங்கள் பெயர் அங்கே அலமாரி ஏறும். நாங்கள் இருந்தும் அது நடக்கலாமா?

மணலறையின் மருத்துவம் அறிந்த மாதரசியே!

புத்தூர்ப் பக்கத்துத் தேன்பெட்டிக்காரர்கள் வந்து, தேனீக்களை ஒரு குளவி தூக்கிக்கொண்டு போகிறது, கொல்ல மருந்து கொடுங்கள் என்று நின்றார்கள். கொல்வதற்கு முன் அது என்னதான் செய்கிறது என்று பார்ப்போம் என்றவர் நீங்கள் ஒருவர்தான். தட்டையான பெட்டிகளில் மணல் நிரப்பி, மேலே கண்ணாடி மூடி, சுற்றிலும் வலைக்கூண்டு கட்டி, குளவி மண்ணுக்குள் அறை குடைவதைக் கழுத்து நோகக் குனிந்து பார்த்தீர்கள். "இன்னாம்மா, குளவிக்கு ஜோசியம் பாத்துக்கினு கீறியா?" என்று களையெடுக்கும் வள்ளியம்மாள் சீண்டுவாள். "ஆமாண்டி, அதுக்குப் புள்ளைங்க எத்தினின்னு பாக்கறேன். கைய நீட்டு, உனக்கும் சொல்றேன்" என்பீர்கள் தலை நிமிராமலே.

நீங்கள் கண்டதை எங்களுக்கும் காட்டினீர்கள். படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று ஒளித்து வைக்கவில்லை. கொட்டி மயக்கிய தேனீயைக் குளவி அப்படியே போட்டுவிடுவதில்லை. தலை முதல் கால் வரை நக்கி நக்கி எண்ணெய் போன்ற ஒன்றைப் பூசுகிறது. பூசிய தேனீ ஒன்றையும் பூசுவதற்கு முன் பிடுங்கிய தேனீ ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஈரமணலில் வைத்தீர்கள். பூசாததன் மேல் பனித்துளி போல நீர் கோத்தது, மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்தது. பூசியதன் மேல் நீர் ஒட்டவில்லை, பூஞ்சணமும் சீக்கிரத்தில் அண்டவில்லை. நாங்கள் ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றுவதை அந்தக் குளவி யாரிடம் கற்றதோ!

அதைவிடப் பெரியது அந்த வெள்ளை. தாய்க்குளவி தன் உணர்கொம்புக்குள் நல்ல நுண்ணுயிர்களை வைத்து வளர்க்கிறது. முட்டையிடும் அறையின் கூரையில் அவற்றைப் பற்பசை போலப் பிதுக்கித் தடவிவிட்டுப் போகிறது. புழு வளர்ந்ததும் அந்த வெள்ளையை எடுத்துத் தன் கூட்டு நூலோடு சேர்த்து நெய்துகொள்கிறது. மாதக்கணக்காய் ஈரமண்ணில் தூங்கும் பிள்ளையைப் பூஞ்சணம் தின்னாமல் காப்பது அந்த நுண்ணுயிர்கள் சுரக்கும் மருந்து. குடியிருக்கக் கொம்பில் இடம் கொடுத்த தாய்க்கு, அவை பிள்ளையைக் காத்துக் கடன் தீர்க்கின்றன. உங்கள் பெட்டிகளில் அறையின் கூரையே கண்ணாடி மூடிதான். ஆகவே அந்த வெள்ளை கண்ணாடியின் உள்பக்கத்தில் திட்டுத் திட்டாய் ஒட்டியிருந்தது.

அதுதான் வினையாயிற்று.

திருப்பதியிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் இந்த நிலையத்தில் என்ன நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பாதை ஓரக் கல்லுக்குச் சுண்ணாம்பு, மாமரத்துக்குக் காவி, கண்ணில் படும் கண்ணாடிக்கெல்லாம் ஸ்பிரிட். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம், நீங்கள் தபால் கொடுக்கச் சந்திரகிரி போயிருந்த நேரம், நிலையத் தலைவர் தாமோதரன் சார் ஆய்வகத்துக்குள் வந்தார். "ஏமப்பா மணிவேலு, கண்ணாடியெல்லாம் பூஞ்சணம் பூத்துக் கெடக்குது, கமிட்டி பாத்தா இன்னா நெனைக்கும்? மூடியத் தூக்கி ஸ்பிரிட் போட்டுத் தொடை" என்றார். "அம்மா வந்துரட்டும் சார்" என்றதற்கு, "அம்மாவா நானா உனக்கு ஆபீசர்?" என்றார்.

அப்படித் துடைத்த கை, இந்த மடலை எழுதிய மணிவேலாகிய என் கை. பளபளவென்று துடைத்தேன். நீங்கள் ஓடி வந்து கடைசிப் பெட்டியின் மேல் கையை விரித்து, "இத்த மட்டும் வுட்டுடு மணி, அது அழுக்கு இல்லப்பா, அதுங்களுக்கு மருந்து" என்றபோது, முப்பத்தைந்து அறைகள் சுத்தமாகியிருந்தன. உங்கள் கைக்குக் கீழே மிஞ்சியவை ஆறு.

கமிட்டி வந்தது, கண்ணாடியைப் பாராட்டியது, போயிற்று. ஐப்பசி மழை வந்தது. பங்குனியில் கூடுகளைத் திறந்து பார்த்தால், துடைத்த முப்பத்தைந்தில் உயிரோடு வெளிவந்தவை இரண்டு. மற்றதெல்லாம் பூஞ்சணம் தின்ற சக்கை. நீங்கள் கைபொத்திக் காத்த ஆறில் ஐந்து பறந்தன. யார் சொன்னது சரி என்று அந்த ஐந்து குளவிகளும் சிறகடித்துச் சாட்சி சொல்லின. ஆனால் மெமோ யாருக்கு வந்தது? "மணலில் தண்ணீரை அதிகம் விட்டார், அலட்சியம்" என்று உங்களுக்கு! அந்த மெமோவைக் காட்டியே பதவி உயர்வையும் நிறுத்தினார்கள். துடைக்கச் சொன்னவர் தான் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு பெட்டியறைகளின் கணக்கை நீங்கள் தேதி போட்டு எழுதிக் கொடுத்தீர்கள். அதைப் படித்துப் பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை!

அந்த மெமோவுக்குச் சாட்சியாய் ஒரு கைநாட்டு இருக்கிறது. அதுவும் என்னுடையதே. "ஸ்டோர்ல சாமான் வாங்கின பேப்பர், வை" என்றார்கள், வைத்தேன். நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றேன். போன ஆண்டு கோப்பு அறையை இடம் மாற்ற மூட்டை சுமந்தபோது கட்டு அவிழ்ந்து, என் பெயருக்குப் பக்கத்தில் என் பெருவிரலை நானே பார்த்தேன். நீங்கள் தண்ணீரை அதிகம் விட்டதை நான் கண்ணால் பார்த்ததாக அதற்கு மேலே இருந்ததை எழுத்தெழுத்தாய்ப் படித்தேன். நேரே உங்களிடம் வந்து அழுதேன். "நீ வெச்சியோ இன்னொருத்தன் வெச்சானோ, அத்த வுடு மணி. முப்பத்து மூணு புழு செத்துப் போச்சே, அதுக்கு யாரு மெமோ குடுக்கறது?" என்றீர்கள். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

பொறுமையின் பேருருவே! நீங்கள் பொறுத்தீர்கள். நாங்கள் பொறுப்பதாயில்லை.

மேடையில் வீற்றிருக்கும் தாமோதரன் சார் அவர்களே! இந்த மடலுக்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று கண்ணாடி போட்டது, அம்மாவின் வீட்டுச் சுவருக்கு. மற்றொன்று, துடைத்தது யார், துடைக்கச் சொன்னது யார், கைநாட்டு எப்படி வாங்கப்பட்டது என்ற என் வாக்குமூலத்தோடு, இன்று காலை பத்து மணிக்கே அலுவலகத்தில் கொடுக்கப்பட்டு, தபால் பதிவில் எண்ணும் ஏறிவிட்டது. நாளை பதிவேடு திருப்பதிக்குப் போகும்போது மெமோ இல்லாமல் போகட்டும். அது இருக்கத்தான் வேண்டுமென்றால், அதன் மேல் எங்கள் மடலும் இருக்கட்டும். படிப்பவர் இரண்டையும் படிக்கட்டும்.

அம்மையாரே! முழங்கால் வலி தீர்ந்து, கண்பார்வை தெளிந்து, பேரப்பிள்ளைகள் சூழ, உங்கள் வீட்டு மணல்மேட்டிலும் நாலு குளவி வந்து குடியேற, நீங்கள் நூறாண்டு நலமாய் வாழ வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கும் இந்த மடலில் எங்காவது வெள்ளையாய் ஏதேனும் படிந்தால், தயவுசெய்து யாரையும் துடைக்க விடாதீர்கள்.

படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்கள்:
மணிவேல், ஏகாம்பரம், சபீனா, மற்றும் எழுவர்.

படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு முறை கேட்டபின் கைநாட்டு வைத்தவர்:
வள்ளியம்மாள்.