பூரணம் சித்தி ஏறினால் வண்டி நின்றுவிடும்

சிரிச்சாச்சா? பூனை குறுக்கே போனா வீட்டுக்குத் திரும்பி வர்றவங்களைப் பத்திச் சொன்னதும் இந்தப் பகுத்தறிவு மன்றத்துல எல்லாருமே நல்லாச் சிரிச்சீங்க. நானும் அப்படிச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன்தான். அந்தச் சிரிப்பை நிறுத்தின ஒரு வண்டியோட கதை இருக்கு. நீளமில்லை... கேளுங்க.

எங்க தெருவுல பூரணம் சித்தி. புருஷன் தவறி ரெண்டு வருஷம். அவங்க மக மாரிச்செல்வி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினா. வண்டியா அது? எலும்புக்கூடு. நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ. இன்ஜினை இறக்கி, ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டி, வயரிங் முழுசையும் புதுசா இழுத்து, நானே கட்டிக் கொடுத்தேன்.

மாரிச்செல்வி தனியாப் போனா வண்டி பிரமாதமா ஓடும். பின்னால சித்தி ஏறினா? நாலு பள்ளம் தாண்டுறதுக்குள்ள... பொசுக்குன்னு அணைஞ்சிரும். ஹாரன் இல்லை, லைட் இல்லை, ஒண்ணுமில்லை. சித்தி இறங்கினதும் ஒரே உதையில ஸ்டார்ட் ஆகும். நாலு மாசமா இதே கூத்து.

தெரு என்ன சொல்லியிருக்கும்? நான் சொல்லணுமா? "புருஷனும் இப்படித்தான் பொசுக்குன்னு போனான், வண்டியும் அப்படித்தான் நிக்குது"ன்னு குழாயடியில ஒரு வாய் சொல்லிச்சு. ஒரு வாய் போதாதா? "என் ராசி அப்படி"ன்னு சித்தியே நம்பிட்டாங்க. அடுத்த புதன்கிழமை அவங்க கூடப்பிறந்த தம்பி மகளுக்குக் கல்யாணம். "நான் வரலை. நல்ல காரியத்துல என் கால் பட வேண்டாம்"னுட்டாங்க. தம்பி நேர்ல வந்து கெஞ்சியும் அசையலை.

மாரிச்செல்வி என்கிட்ட வந்து நின்னா. "அண்ணே, வண்டி சரியானா அம்மா கல்யாணத்துக்கு வரும். நீ என்ன செய்வியோ தெரியாது."

என்ன செஞ்சேன்? படிச்சவன்ல! பேட்டரி முனையைத் தேய்ச்சேன். ஃபியூஸ் மாத்தினேன். சாவி சுவிட்சையே புதுசாப் போட்டேன். ஓட்டிப் பார்த்தேன்... கோளாறே இல்லை. சித்தி சொன்னாங்க, "நான் உட்கார்ந்தாத்தானப்பா நிக்குது." நான் சொன்னேன், "சித்தி, வயருக்கு உங்களைத் தெரியுமா? சும்மா இருங்க."

எப்படி? நல்ல பதில்ல?

அதோட விட்டேனா? அவங்க வாயை அடைக்கணும்னு ஒரு சோதனை வேற வச்சேன். என் சேக்காளி கொம்பையா, எண்பத்தஞ்சு கிலோ. அவனைப் பின்னால ஏத்திக்கிட்டு அதே குழி ரோட்டுல ரெண்டு சுத்து. நிக்கலை. வந்து ஜம்பமாச் சொன்னேன், "பார்த்தீங்களா? பின்னால ஆள் உட்கார்ந்தா ஒண்ணும் ஆகாது."

சித்தி என்னையே பார்த்தாங்க. மெதுவாச் சொன்னாங்க... "அதைத்தானப்பா நானும் சொல்லுதேன். யார் உட்கார்ந்தாலும் ஓடுது. நான் உட்கார்ந்தா நிக்குது."

புரியுதா நான் பார்த்த வேலை? மூடநம்பிக்கையை ஒழிக்கப் போனவன், அதுக்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்துட்டு நிக்கேன்!

எனக்குக் கோபம். "இப்பவே ஏறுங்க சித்தி." ஏறினாங்க. இன்ஜின் ஓடுது. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை ரெண்டு குலுக்குக் குலுக்கினேன். அணைஞ்சிருச்சு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி எனக்கே 'ராசிதானோ'ன்னு தோணிருச்சு.

அப்பத்தான்... நாலு மாசத்துல முதல் தடவையா... அவங்க எப்படி உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்தேன். சேலை. ரெண்டு காலும் ஒரே பக்கம். கொம்பையா எப்படி உட்கார்ந்தான்? ரெண்டு பக்கமும் காலைப் போட்டு.

"ஏல கொம்பையா, ஏறு. சித்தி மாதிரி உட்காரு."

"நான் என்ன பொம்பளையால?"

"உட்காருல!"

கைலியை இடுக்கிக்கிட்டு, மறுவீட்டுக்குப் போற புதுப்பொண்ணு மாதிரி ஒருபக்கமா உட்கார்ந்தான். குலுக்கினேன். அணைஞ்சிருச்சு.

மாரிச்செல்வி விழுந்து விழுந்து சிரிக்கா. "கொம்பையாண்ணனுக்கும் ராசியில்லை போல!"

சித்தி சிரிக்கலை. கிட்ட வந்தாங்க. "இன்னொரு தடவை உட்காரு தம்பி." உட்கார்ந்தான், அணைஞ்சது. "காலை ரெண்டு பக்கமும் போடு." போட்டான், ஓடுச்சு. "திரும்ப ஒருபக்கமா." அணைஞ்சது. இந்த மன்றத்துல நாம யாராவது இவ்வளவு பொறுமையாச் சோதிச்சிருக்கோமா?

சீட்டைக் கழட்டினேன். இடது ஓரத்துக்கு அடியில பேட்டரியில இருந்து வர்ற மெயின் வயர். மேல் உறை முழுசா இருக்கு. உள்ளே செம்பு அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடக்கு. பாரம் ஒரே பக்கமா விழுந்து சீட்டு அமுங்கினா, விலகிரும். போகக் கூடாத அந்த வழியா வயரை இழுத்தது யாரு? நான். "சித்தி, தப்பு என்னோடது"ன்னேன். அந்த வயரைக் கையில வாங்கி வளைச்சு வளைச்சுப் பார்த்தாங்க. "இதுக்காகவா நான் நாலு மாசமா ஒரு விசேஷத்துக்கும் போகலை?"ன்னு கேட்டாங்க. புது வயரை வேற வழியா இழுத்துக் கட்டினேன்.

புதன்கிழமை அதே வண்டியில கல்யாணத்துக்குப் போனாங்க.

மூடநம்பிக்கை தோத்துச்சுன்னு கைதட்டப் போறீங்களா? தட்டாதீங்க. சித்தி ரெண்டு விஷயம் சொன்னாங்க. "நான் உட்கார்ந்தா நிக்குது." அது அவங்க கண்ணால பார்த்தது. "என் ராசி." அது தெரு அவங்க வாயில திணிச்சது. ராசியைத் தூக்கி எறிஞ்ச வேகத்துல, அவங்க பார்த்ததையும் சேர்த்து எறிஞ்சவன் நான். அதுக்குப் பேரு பகுத்தறிவா? திமிருங்க... வெறும் திமிரு.

நாளைக்கு நீங்க மன்றத்துப் பிரசாரத்துக்கு வீடு வீடாப் போகப் போறீங்க. "அந்தக் கிணத்துல பேய் இருக்கு, இறங்கினவன் மயங்கிட்டான்"னு ஒருத்தர் சொல்லுவார். பேய் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா, மயங்கினது நிஜம்யா! சிரிச்சுக்கிட்டே இறங்கினா, அடியில தேங்கிக் கிடக்குற விஷக்காத்துல நீங்களும் மயங்குவீங்க. பேயைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். முதல்ல... எத்தனை அடி ஆழத்துல மயங்கினான்னு கேளுங்க.