நான்கு ஐஸ் கட்டிகள்

பீரை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை போய்க் கேட்டுப் பாருங்கள், மேடம். பீர் என்றால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, கூலிங்கா இருக்கா என்பதுதான். வெயில் அப்படி. அவர்களை நான் குறை சொல்லவில்லை.

கருப்பு பீர் வேறு சாதி. அதில் தானியத்தை காப்பிக்கொட்டை மாதிரி வறுக்கிறோம். சில்லென்று ஆக்கினால் அந்த வறுவல் வாசம் செத்துப்போகும், வாயில் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். பெங்களூரில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கிற ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கே கற்றதை இங்கே வந்து கம்பிலும் கருப்பட்டியிலும் செய்துபார்த்தேன், நன்றாக வந்தது. வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்று தெரியும். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு இருந்த ஒரே ஆசை, வெளிநாட்டில் நடக்கிற ஆட்டங்களை டிவியில் பார்ப்பது. அதற்குப் பொருத்தமான கருப்பு பீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது. நியூசிலாந்துக்காரர்களின் ரக்பிக்குக் கொட்டாங்கச்சிப் புகையில் வறுத்த கம்பு பீர். கால்பந்துக்குக் கொஞ்சம் இளசானது, நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு தம்ளர் முடிகிற மாதிரி. ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் என்றால் காலை ஆட்டத்துக்கு இளசு, உணவு இடைவேளைக்குப் பிறகு பத்து மாதம் ஊறிய கெட்டி பீர். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். கோயிலில் எந்த வேளைக்கு எந்தப் பூசை என்று வைத்திருக்கிறார்கள், அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

புகாரில் என்னைக் கோபக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள். நான் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது, எங்கள் ஊர் பரளச்சியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் மனைவி தீபலட்சுமியிடம்கூட எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொல்வேன். தம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவினால் நுரை நிற்காது, சாம்பல் போட்டுக் கழுவு என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை அவள் கை கதவிடுக்கில் இருந்தபோது கதவைச் சாத்தினேன். வேகமாகச் சாத்தவில்லை. இரண்டு விரல்தான் போனது. அதற்குப் பிறகு தம்ளர்கள் பளிச்சென்று இருந்தன.

அவள் காலைப் பற்றியும் கேட்டீர்கள். அன்றைக்குக் கால்பந்து அரையிறுதி, கடைசி ஐந்து நிமிடம். தன் அம்மாவுக்கு முடியவில்லை, ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வந்து நின்றாள். அடுப்பில் மறுநாளைக்கான தானியத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சட்டி மொண்டு வந்து அவள் பாதங்களில் ஊற்றினேன். ஆட்டம் முடிகிற வரைக்கும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் அவளைப் பாராட்டத்தான் வேண்டும். அப்புறம் ஒன்றரை மாதம் எங்கேயும் போகவில்லை, வீட்டிலேயே இருந்தாள். வீடும் நிறைவாக இருந்தது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பெர்த்தில் டெஸ்ட் முதல் நாள். நம்முடைய கணக்கில் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் முதல் பந்து. டிவியைப் போட்டுவிட்டு உட்காரும்போது என் மச்சான் பாண்டீஸ்வரன் வந்தார். தீபாவின் அண்ணன். அருப்புக்கோட்டையில் பஞ்சு லோடு ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர், கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை நாலைந்து தடவைகூட மிதித்திருக்க மாட்டார்.

"மேட்ச் பாக்கலாம்னு வந்தேன் மாப்ள," என்றார். "அந்தக் கருப்பு பீரு எப்பிடித்தான் இருக்குன்னு நானும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. ஐந்து வருடத்தில் இந்தச் சீமையில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். இரண்டு மணி நேரம் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஈர மணலில் பாட்டிலை ஏன் புதைத்து வைக்கிறேன், ஃப்ரிட்ஜுக்குள் ஏன் ஒருநாளும் வைப்பதில்லை, நுரை எந்த நிறத்தில் இருக்க வேண்டும், புதுப் பந்து பழசாகிற நேரத்துக்கும் பீரின் கனத்துக்கும் என்ன சம்பந்தம். அவரும் தலையாட்டிக் கேட்டார். நடுவில் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டார், நான் இரண்டு தடவையும் பதில் சொன்னேன். அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஓவர் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்படியில் குக்கர் விசில் கேட்டது, பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தேன்.

உணவு இடைவேளை விட்டதும் கெட்டி பீரை எடுக்க எழுந்தேன். அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நீங்க ஒக்காருங்க மாப்ள, இன்னைக்கு நான் ஊத்தித் தாரேன் என்று அடுப்படிக்குப் போனார். மச்சான் கையால் ஊற்றித் தருவது மரியாதைதானே என்று விட்டுவிட்டேன். திரும்பி வர வெகுநேரமானது. ரோட்டில் பத்து மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகுதான் அவர் இரண்டு தம்ளர்களோடு வந்தார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு என் தம்ளரை முன்னால் வைத்தார்.

அதில் நான்கு ஐஸ் கட்டிகள் மிதந்தன.

கூலிங்கா இருந்தாத்தான மாப்ள நல்லாருக்கும் என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே எனக்கு உபசாரம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், மேடம். இரண்டு மணி நேரம் நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவர் காதில் ஏறவில்லை. பீருக்காக வந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். மேட்ச்சுக்காக வந்தவரும் செய்ய மாட்டார். அப்படியானால் எதற்கு வந்தார் என்று யோசித்தேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அடுப்பு அணைந்திருந்தது. குக்கர் சூடு ஆறவில்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது, அவள் செருப்பைக் காணோம், கொடியில் அவள் சேலை ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் பார்த்தேன், மறைக்கவில்லை. ஆனால் இது காரணம் இல்லை.

நான் அந்த வழியாக வெளியே போவதற்குள் மச்சான் பின்னாலேயே வந்து கொல்லைக் கதவில் குறுக்கே நின்றார். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலிலும் பதற்றம் இல்லை.

"அவ பஸ்ஸு ஏறிட்டா மாப்ள. இனி வரமாட்டா. மதுரையில எறங்குற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். என்னைய என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க."

தானியம் கலக்குகிற துடுப்பு அடுப்போரம் சாய்ந்திருந்தது. கருவேல மரம், என் இடுப்பு உயரம். முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. அவர் கையைத் தூக்கித் தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டுமென்றால் நிலையை விட வேண்டும், அவர் விடவில்லை. அதனால் எனக்கு வேலை சுலபமாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. மூன்றாவது அடியில் தாடை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நாலாவதில் பல் சிதறி குக்கர் மூடியில் பட்டது. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து அடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. முழங்கால் மடிந்து தொங்கினார், அப்போதும் கை நிலையில்தான் இருந்தது. பதினோரு அடி. பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது, இரண்டு விரலை ஒடித்துத்தான் எடுத்தேன். உழைத்த கை.

கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் மேலே குடும்பத் தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு மனிதன் பத்து மாதம் ஊறவைத்த பீரில் இன்னொருவன் ஐஸைப் போட்டான், அதனால் நடந்தது. தீபா போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் நாலு நாளில் வந்துவிடுவாள். எங்கே போவாள்.

அடுத்த வீட்டு ராக்கம்மாளின் வாக்குமூலத்தை நீங்கள் வாசித்துக் காட்டியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐஸ் என்றோ பீர் என்றோ நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லையாம். ஒவ்வொரு அடிக்கும் அவ எங்க, அவ எங்க என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே கேட்டேனாம். அதற்குப் பிறகு துடுப்போடு ரோட்டுக்கு ஓடி, வருகிற பஸ்ஸையெல்லாம் மறித்து சன்னல் சன்னலாக எட்டிப் பார்த்தேனாம். அங்கேதான் உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்தார்களாம். அடித்து முடித்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு நினைவு. யார் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்காதீர்கள், அது தெரியவில்லை. ஐஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.