எழுந்தால் நிற்கும் வண்டி

கிளி! என் கிளி!

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். இந்த மைதானத்தில் புல் வெட்டிவிட்டு வாசலில் வந்து நிற்கும்போது தலைமுடி, புருவம், சட்டைப்பை எல்லாம் பச்சையாக இருக்கும். "கிளி வந்தாச்சு, உதறிட்டு உள்ளே வா" என்பேன். மைக்கைப் பிடித்ததும் வாயில் அந்தப் பேர்தான் முதலில் வந்தது. இனி முறையாகத் தொடங்குகிறேன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மைதானச் சங்கத்துத் தலைவர் ஐயா அவர்களே, பக்கத்தில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, புல் வெட்டும் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் கடைக்காரத் தம்பி அவர்களே, வயதில் மூத்த பெரியவர்களே, மடியில் பிள்ளையோடு வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, இவள் எப்போது முடிப்பாள், ஆட்டம் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் விளையாட்டுப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் அதிகம் படிக்காதவள். மேடைப்பேச்சு கேட்டிருக்கிறேன், பேசியதில்லை. "ரெண்டு வார்த்தை சொல்லிட்டு சாவியைக் கொடுங்கம்மா, போதும்" என்றார் தலைவர் ஐயா. சாவி இதோ என் கையில் இருக்கிறது. ரெண்டு வார்த்தைதான் கொஞ்சம் நீளும். இந்தச் சாவியை வாங்கி அந்த வண்டியில் ஏறப்போகிறவன் யார்? என் கூடப்பிறந்த தம்பி. அதோ, வண்டிப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறானே, அவன்தான். புருஷனை இதே புல்லில் பறிகொடுத்தவள், தம்பியையும் இதே புல்லுக்கு அனுப்புகிறேன். சும்மா அனுப்ப முடியுமா? சொல்லுங்கள் தாய்மார்களே, முடியுமா?

பழைய வண்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? அன்றைக்கும் இப்படித்தான் ரிப்பன், இப்படித்தான் மைக். "இருப்பதிலேயே பெரிய வண்டி" என்றார்கள். அகலப் பிளேடு, அசுர எஞ்சின், அரை நாளில் அத்தனை புல்லும் காலி! கை வலிக்கக் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்ததும் வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப் போனார் என் வீட்டுக்காரர். வாசலோடு நின்றது. வலப்பக்கம் இடித்தது. திருப்பினார், இடப்பக்கம் இடித்தது. வாங்கும்போது எஞ்சினின் பலத்தை விசாரித்தார்கள், இருக்கையின் மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள், பெயிண்டின் நிறத்தைப் பற்றிக்கூடப் பேசினார்கள். ஷெட்டின் கதவை அளந்தவர் யார்? ஒருவரும் இல்லை.

அன்றைக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். "யானையை வாங்கிட்டு பூனைக்கூண்டைக் காட்டுறாங்கடி" என்று அவர் சொல்ல, எனக்குச் சோறு புரையேறிவிட்டது.

சிரிப்பு அதோடு சரி. வண்டி வெளியே நின்றது. மழையில் நனைந்தது, வெயிலில் வெந்தது. தார்ப்பாய் போட்டார், காற்று தூக்கிப் போனது. பராமரிப்பில் அவர் குறை வைக்கிற ஆள் இல்லை. எஞ்சின் ஆறின பிறகுதான் ஆயில் பார்ப்பார். பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடியில் கை விடுவார். பிளேடைச் சுற்றி அப்பின ஈரப்புல்லைச் சுரண்டி எடுப்பார். காற்றுவடிகட்டியைத் தட்டித் தட்டித் தூசி போக்குவார். சக்கரத்தில் காற்று குறைந்தால் புல் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும் என்று நாலையும் அழுத்திப் பார்ப்பார். வீட்டுக் குழாய் ஒழுகியதை மட்டும் கடைசிவரை பார்க்கவில்லை, அது வேறு கதை. ஆனால் துருவை யாரால் துரத்த முடியும்?

இருக்கைக்கு அடியில் சின்னதாக ஒரு சுவிட்ச் உண்டு. பிளேடு சுற்றும்போது ஓட்டுகிறவர் எழுந்தாலோ, விழுந்தாலோ, எஞ்சின் தானாக நிற்கவேண்டும். அதற்குத்தான் அந்தச் சுவிட்ச். அதைத் துரு தின்றது. அப்புறம் என்ன? குழியில் இறங்கினால் எஞ்சின் நின்றது. மேட்டில் ஏறினால் நின்றது. இவர் தும்மினாலே நின்றது!

"ஆட்டத்துக்கு நேரமாச்சு, இன்னும் முடியலையா?" என்று ஒரு குரல். "என்னண்ணே, வண்டி தூங்குதா, நீங்க தூங்குறீங்களா?" என்று ஒரு கேலி. இவர் ரோஷக்காரர். ஒரு கம்பித் துண்டை எடுத்தார், சுவிட்சை அழுத்தினபடியே வைத்து இறுக்கிக் கட்டினார். பிறகு வண்டி எதற்கும் நிற்கவில்லை. மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் திட்டினார். "யோவ், அவிழ்த்துத் தொலை. புது சுவிட்ச் மாட்டுற வரைக்கும் வண்டியைத் தொடாதே." இவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம்ணே" என்றார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. நீங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பீர்களே, அந்தச் சரிவு. ஈரத்தில் அங்கே வண்டியை இறக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் இவர்தான். அன்றைக்கு ஆட்டம் இருந்தது. இறக்கினார். சக்கரம் வழுக்கியது. அவர் விழுந்தார்.

வண்டி நிற்கவில்லை.

வண்டி நிற்கவில்லை, ஐயா.

மேலே சொல்லமாட்டேன். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யாரைக் குற்றம் சொல்ல வந்தாள் இவள் என்று நினைக்காதீர்கள். கம்பியைக் கட்டினது அவர் கைதான். ஆனால் அந்தக் கை கம்பியைத் தேடிப் போனது எதனால்? அளக்காமல் விட்ட ஒரு கதவினால்.

அதனால் இந்தமுறை நான் அளந்தேன். தலைவர் ஐயா வண்டி பார்க்கக் கிளம்பியபோது, நானும் வருவேன் என்று காரில் ஏறிக்கொண்டேன். ஷெட்டு வாசலை அளந்து முடிச்சுப் போட்ட கயிறு என் கையில் இருந்தது. கடைக்காரத் தம்பி, "இதைவிடப் பெரிசு இருக்குக்கா, நின்ன இடத்துலயே சுத்தும்" என்றார். "சரிவுல வழுக்காம நிக்குமா தம்பி?" என்றேன். தலையைச் சொறிந்தார். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. பார்க்க ஒன்றும் அழகில்லாத இந்த வண்டியைக் காட்டினார். கதவுக்குள் போகும். கவிழ்ந்தால் ஆளைக் காக்கத் தலைக்குமேல் இரும்பு வளைவு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது.

என்னண்ணே கேட்கிறீர்கள்? அப்போ சரிவை எப்படி வெட்டுவது என்றா? நல்ல கேள்வி. புல் காய்ந்த பிறகு, மேலும் கீழுமாக ஓட்டவேண்டும், குறுக்கே ஓட்டக்கூடாது. ரொம்பச் செங்குத்தான இடத்துக்கு வண்டியே வேண்டாம், இறங்கி நின்று கைக்கருவியால் வெட்டட்டும். காயவில்லையா? ஆட்டம் தள்ளிப்போகட்டும். ஆட்டத்தை நாளைக்கு ஆடலாம். ஆளை நாளைக்குக் கொண்டுவர முடியுமா?

தலைவர் ஐயா, எனக்கு ஒரு வாக்கு வேண்டும். சுவிட்ச் கெட்டால் வண்டி ஷெட்டில் நிற்கும், கம்பி கட்டி ஓட்டச் சொல்லமாட்டோம் என்று சொல்லுங்கள். தலையாட்டினால் போதாது ஐயா. இந்தாருங்கள் மைக்.

கேட்டீர்களா? எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டார். நன்றி ஐயா.

தம்பி, வாடா. சாவியைப் பிடி. ஏறி உட்கார். என்ன முனகுகிறாய்? "எல்லாரும் பாக்குறாங்கக்கா" என்றா? பார்க்கட்டும், அதற்குத்தான் கூப்பிட்டேன். தாய்மார்களே, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், கிட்டே யாரும் போகவேண்டாம். தம்பி, நீ பிரேக்கைப் போட்டுக்கொள். எஞ்சினைப் போடு. பிளேடைச் சுற்றவிடு.

இந்தச் சத்தம்... இதே சத்தம்தான்.

இப்போது எழுந்திரு. இறங்காதே, இருக்கையை விட்டு எழுந்தால் போதும்.

நின்றுவிட்டது.

கை தட்டாதீர்கள். கொஞ்சநேரம் இப்படியே இருங்கள். இந்த நிசப்தத்தைக் கேட்கத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், ஆட்டத்தை நிறுத்திவைத்த பிள்ளைகளுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

கிளி... அவன் எழுந்ததும் நின்னுடுச்சு. உனக்குக் கேட்டுச்சா?